வராத ஒலிநாடா: இளையராஜாவின் சிம்பொனியும் எமது காத்திருப்பும்

1

நடந்தவற்றை எழுதுவதே வரலாறு என்பது பொதுவான எடுகோள். நடக்கும் என்று சொல்லப்பட்டு, பலராலும் நம்பப்பட்டு, பின்னர் நடக்காமலே போனவற்றுக்கு வரலாற்றில் என்ன இடம் என்ற கேள்வி அதிகம் கேட்கப்படுவதில்லை. ஆனால் 1983 இன் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிய எம் போன்றவர்களின் வாழ்வில், நடந்தவற்றின் பட்டியலைவிடக் காத்திருந்தவற்றின் பட்டியலே நீளமானது. அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்தோம். ஊரிலிருந்து வரும் கடிதத்துக்குக் காத்திருந்தோம். திம்புவிலிருந்து ஒஸ்லோ வரை ஒவ்வொரு பேச்சுவார்த்தையின் முடிவுக்கும் காத்திருந்தோம். இந்தப் பெரிய காத்திருப்புகளுக்கிடையே, எவரும் பொருட்படுத்தி எழுதாத சிறிய காத்திருப்பு ஒன்றும் இருந்தது. 1993 இல் இளையராஜா இலண்டனில் உருவாக்கிய சிம்பொனி ஒலிநாடாவாக எமது கைக்கு வந்து சேரும் என்ற காத்திருப்பே அது.

அந்த ஒலிநாடா வரவில்லை. 32 வருடங்களின் பின்னர், 2025 மார்ச் 8 ஆம் திகதி, இலண்டன் ஹமர்ஸ்மித்திலுள்ள அப்பலோ அரங்கில் அவருடைய வேறொரு சிம்பொனி மேடையேறியது. 'வேலியன்ற்' என்று பெயரிடப்பட்ட அதனை அவருடைய முதலாவது சிம்பொனி என்றே அறிவித்தார்கள். அப்படியாயின் 1993 இல் எழுதப்பட்டது என்ன? அதற்காகக் காத்திருந்த நாங்கள் எதற்காகக் காத்திருந்தோம்? இசைக்காகவா, அல்லது இசையின் பெயரால் வேறொன்றுக்காகவா?

திரைப்பட இசையமைப்பாளர் ஒருவரைப் பற்றிக் காத்திரமான சஞ்சிகையொன்றில் இவ்வளவு பக்கங்கள் வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கவிதைக்கும் நாவலுக்கும் நாடகத்துக்கும் நாம் கொடுத்த விமர்சனக் கவனத்தில் பத்திலொரு பங்கைக்கூட, நாள்தோறும் கேட்ட இசைக்குக் கொடுக்கவில்லை. எமது அக வாழ்வை எந்தக் கவிஞனையும்விட அதிகமாக வடிவமைத்தது அந்த இசையே. அப்படியொன்றை ஆராயத் தகாததென்று ஒதுக்குவதும் ஒரு கருத்தியல் நிலைப்பாடுதான்.

2

எம்மில் ஒரு தலைமுறைக்கு இளையராஜா இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பின் ஊடாகவே வந்து சேர்ந்தார். 1976 இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தேநீர்க்கடை வானொலிகள் அதை மறுபடி மறுபடி ஒலித்தன. அவர் பண்ணைப்புரத்தில் 1943 இல் பிறந்தவர் என்பதும், அண்ணன் பாவலர் வரதராஜனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராக அலைந்தவர் என்பதும், சென்னையில் தன்ராஜ் மாஸ்ரரிடம் மேற்கத்திய இசை பயின்றவர் என்பதும் பின்னர்தான் தெரியவந்தன. இடதுசாரி மரபில் வந்த எமது நண்பர்களுக்கு அந்தப் பொதுவுடைமை மேடை ஒரு தனி உரிமையுணர்வைக் கொடுத்தது. அவர் பின்னர் தேர்ந்துகொண்ட ஆன்மீகப் பாதை அதே நண்பர்களுக்குச் சங்கடத்தையும் கொடுத்தது.

1986 இல் 'ஹவ் ரு நேம் இட்' வெளிவந்தது. எப்படிப் பெயரிடுவது என்பதே அதன் பெயர். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பிக்கப்பட்ட இந்த ஒலிநாடாவிற் பாடல்கள் இல்லை, கதாநாயகன் இல்லை, படம் இல்லை. வி. எஸ். நரசிம்மனின் வயலினை முன்னிறுத்தி, தந்தி வாத்தியங்களின் பல குரல்களை ஒன்றோடொன்று பின்னி எழுதப்பட்ட இசை. கர்நாடக இசையில் ஒரு நேரத்தில் ஒரு மெட்டே நடக்கும். அதன் ஆழமெல்லாம் அந்த ஒற்றைக் கோட்டின் வளைவிலும் கமகத்திலும் உள்ளது. பாக்கின் இசையிலோ இரண்டு, மூன்று, நான்கு கோடுகள் ஒரே வேளையில், ஒவ்வொன்றும் தன் நியாயத்தோடு நடக்கும். இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைப்பது எளிது. அவ்வாறு வைத்துவிட்டு 'கிழக்கும் மேற்கும் சந்தித்தன' என்று விளம்பரம் செய்தவர்கள் பலர். இளையராஜா அங்கே முயன்றது வேறு. பாக்கின் மூன்றாவது பார்ற்றிற்றாவின் முன்னிசையை அப்படியே எடுத்து, அதனைச் சுற்றி இன்னொரு உரையாடலை எழுதினார். இராகத்தின் நடத்தை குலையாமற் பல குரல்கள் எழுமா என்ற கேள்விக்கு ஒரு இசைக்கலைஞன் கட்டுரை எழுதாமல் இசையாகவே விடை சொல்லிப் பார்த்த தருணம் அது.

1988 இல் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் பெரிய வாத்தியக்குழுவும் அதில் இணைந்தன. அதே 1988 இல், மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா தமது 'வீடு' படத்துக்கு 'ஹவ் ரு நேம் இட்' இன் இசையைப் பின்னணியாக எடுத்துக்கொண்டார். அரைகுறையாக நிற்கும் ஒரு வீட்டின் கதைக்கு, பெயரிட முடியாத இசை பொருந்தியது. சொந்த வீடு ஒன்றைக் கட்டி முடிக்க முடியாத மனிதர்களைப் பற்றிய அந்தப் படத்தை, குண்டுவீச்சில் வீடிழந்த எமது சனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது தனியாக எழுதப்படவேண்டிய விடயம்.

நான் 'ஹவ் ரு நேம் இட்' ஐ முதலிற் கேட்டது 1987 இல், யாழ்ப்பாணத்து றெக்கோடிங் பார் ஒன்றிற் பிரதியெடுத்த கசெற்றில். கசெற்றில் மிஞ்சியிருந்த இடத்தை வீணாக்க மனமில்லாத கடைக்காரர், கடைசியில் இரண்டு சினிமாப் பாட்டுகளைப் போட்டு நிரப்பித் தந்தார். "தம்பி, பாட்டில்லாத கசெற்றை ஆர் கேக்கிறது" என்பது அவருடைய விளக்கம். நீண்ட காலத்துக்கு அந்த ஆக்கம் சினிமாப் பாட்டிலேயே முடிவதாக என் காது பழகியிருந்தது. இது வெறும் வேடிக்கையன்று. சோதனை முயற்சி எதுவும் எமது சூழலில் அப்படித்தான் வந்து சேர்ந்தது: பிரதியின் பிரதியாக, அட்டையில்லாமல், குறிப்பில்லாமல், வெற்றிடத்துக்குப் பயந்தவர்களால் நிரப்பப்பட்டு. ஆனாலும் அது வந்து சேர்ந்தது. அதற்காக அந்தக் கடைக்காரருக்கும் வரலாற்றில் ஒரு வரி கொடுக்கத்தான் வேண்டும்.

3

1992 இல் 'ரோஜா' வெளிவந்து ஏ. ஆர். ரஹ்மானின் புதிய ஒலி தமிழ்நாட்டை ஆட்கொண்டது. மறுவருடம், 1993 இல், இளையராஜா இலண்டனில் றோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு, ஜோன் ஸ்கொற்றின் நெறியாள்கையில், தமது சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தார். இச்செய்தி எம்மிடையே பரவியபோது அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த வாசகம் 'இதைச் செய்த முதல் ஆசியர்' என்பது. 'மேஸ்ட்ரோ' என்ற அடைமொழியும் அதன்பின்னரே பரவலாக நிலைத்தது.

அந்த வாசகத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஜப்பானியரான யமாடா கோசாக்கு 1912 இலேயே முழுச் சிம்பொனி ஒன்றை எழுதி முடித்துவிட்டார். இலண்டன் சிம்பொனி இசைக்குழு ரவிசங்கரின் சித்தார் கொன்செர்ற்றோவை அந்திரே பிரெவினின் நெறியாள்கையில் 1971 இல் ஒலிப்பதிவு செய்தது. இவற்றைவிட எமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியம் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். 1958 இனக்கலவரத்தின் பின்னர் அக்குடும்பம் இந்தியாவுக்குச் சென்றது. அந்தச் சிறுவன் வளர்ந்து எழுதிய வாத்தியக்குழு ஆக்கத்தை 1985 இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு சுபின் மேத்தாவின் நெறியாள்கையில் வாசித்தது.

எமது கலவரத்தாலேயே எமது மண்ணிலிருந்து பெயர்ந்துபோன ஒருவரின் இசை உலகின் முதல்வரிசை இசைக்குழுவொன்றால் வாசிக்கப்பட்டபோது, நாம் யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை, நடந்தபின்னும் கொண்டாடவில்லை. ஆக, 'முதல்' என்ற சொல் ஒரு வரலாற்றுத் தரவாக எமக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. நாம் எவரை எம்முடையவர் என்று கருதினோமோ அவருக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது. சுப்பிரமணியம் சபாவின் பிள்ளை. இளையராஜா எமது தேநீர்க்கடையின் பிள்ளை.

அடுத்தது 'றோயல்' என்ற சொல். இந்த இசைக்குழுவை 1946 இல் தோமஸ் பீச்சம் நிறுவினார். இலண்டனின் பெரிய இசைக்குழுக்கள் அரச மாளிகையின் செலவில் வாழ்பவை அல்ல. கச்சேரி, ஒலிப்பதிவு, திரைப்பட இசை என்று கிடைக்கும் வேலையைச் செய்து கூலி பெறும் தொழிற் கலைஞர்களின் அமைப்புகள். இதே றோயல் பில்ஹார்மோனிக் 1969 இல் டீப் பேர்ப்பிள் என்ற றொக் குழுவோடு ஒரே மேடையில் வாசித்தது. 1981 இல் செவ்வியல் இசைத் துண்டுகளை நடனத் தாளத்தோடு கோர்த்த 'ஹுக்ட் ஒன் கிளாசிக்ஸ்' என்ற விற்பனைத் தட்டையும் வெளியிட்டது. இதில் எந்தக் கேவலமும் இல்லை. அது அவர்கள் தொழில். இசைத்தாளை முன்னால் வைத்தால் ஒத்திகை அதிகமின்றி வாசிக்கும் அவர்களின் திறமை வியப்புக்குரியது. ஆனால் அவர்கள் ஒரு ஆக்கத்தை வாசித்தார்கள் என்பது அந்த ஆக்கத்துக்கு வழங்கப்பட்ட பட்டம் ஆகாது. அதன் தகுதி எழுதப்பட்ட தாளிலும் எழுந்த ஒலியிலும்தான் இருக்கமுடியும். அந்தத் தாளையும் நாம் பார்க்கவில்லை. அந்த ஒலியையும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றைப் பற்றி முப்பது வருடங்கள் பெருமைப்பட்ட சமூகம் நாம்.

அதே 1993 இல் யாழ்ப்பாணத்தில் என்ன நிலை? 1990 இலிருந்து மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மின்கலங்கள் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்திற் பாட்டுக் கேட்டார்கள். சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாட்டும் இழுபடும். ஒரு இராகத்தின் சுருதி, அதைக் கேட்பவனின் உடலுழைப்பில் தங்கியிருந்த காலம் அது. உலக இசை வரலாற்றில் ரசிகன் இதைவிட நேரடியாக இசையிற் பங்குகொண்ட இடம் வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இலண்டனில் இளையராஜாவின் இசையை வாசித்த வயலின்களைப் பற்றி நாம் பேசியதில் ஒரு பங்குகூட, அந்தச் சைக்கிள் சில்லுகளைப் பற்றிப் பேசவில்லை.

4

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் சிட்னியின் மேற்குப் புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லில் குடியேறினேன். அக்காலத்தில் இங்கே வீட்டு வாடகை எமக்குக் கட்டுப்படியானது. வென்ற்வேர்த்வில்லிலும் ருங்காபியிலும் பெண்டில் ஹில்லிலும் எம்மவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ரயிலேறி அப்பக்கம் போனால் அரிசிமா, மாசிக் கருவாடு, வாடகை வீடியோ, கசெற் எல்லாம் ஒரே கடையில் வாங்கலாம். கடையிற் கேட்கும் கேள்விகளில் ஒன்று வழமையாகிவிட்டது: "சிம்பொனி வந்திட்டுதோ?" விடையும் வழமையானது: "அடுத்த மாசம் வருதாம் அண்ணை."

பல அடுத்த மாதங்கள் போயின. கசெற் போய் இறுவட்டு வந்தது. இறுவட்டுப் போய், கையடக்கத் தொலைபேசியிலேயே பாட்டு வந்தது. கடைக்காரர் மாறினார். சிம்பொனி மட்டும் வரவில்லை. வராததற்கான காரணங்கள் மட்டும் தவறாமல் வந்தன. வெள்ளைக்காரர் பொறாமையால் முடக்கிவிட்டார்கள் என்றார் ஒருவர். பிராமண இசையுலகம் தடுத்துவிட்டது என்றார் இன்னொருவர். தமிழர் இன்னும் அதைக் கேட்கும் பக்குவத்தை அடையாததால் அவரே வைத்திருக்கிறார் என்றார் வேறொருவர். எவரிடமும் ஆதாரம் இருக்கவில்லை. ஆயினும் இந்த வதந்திகள் ஒவ்வொன்றும் அவற்றைச் சொன்னவரின் அரசியலைத் துல்லியமாகக் காட்டின. ஆவணம் இல்லாத இடத்தில் வதந்தியும் ஒரு வரலாற்றுச் சான்று. அது நடந்ததைச் சொல்லாது. நடந்திருக்கவேண்டும் என்று மக்கள் எதை விரும்பினார்கள் என்பதைச் சொல்லும்.

அவுஸ்திரேலியாவுக்கு வந்த பிறகு எனக்கு உதவிய கருத்தாக்கம் ஒன்றை இங்கே குறிப்பிடவேண்டும். மெல்பேணிலிருந்து வெளிவந்த 'மீன்ஜின்' என்ற இலக்கியக் காலாண்டிதழில் 1950 இல் ஏ. ஏ. பிலிப்ஸ் என்ற விமர்சகர் ஒரு கட்டுரை எழுதினார். 'கல்சரல் கிறிஞ்ச்' என்ற தொடர் அங்குதான் பிறந்தது. பண்பாட்டுக் கூனல் என்று நான் அதைத் தமிழ்ப்படுத்துவேன். அவுஸ்திரேலிய வாசகன் தன் நாட்டுப் படைப்பைப் படிக்கும்போதெல்லாம், நாகரிகமடைந்த ஆங்கிலேயன் ஒருவன் இதைப்பற்றி என்ன நினைப்பான் என்ற கேள்வி அவனுக்குப் பின்னால் நின்று தோளை எட்டிப் பார்க்கிறது என்பது பிலிப்ஸின் வாதத்தின் சாரம். தாழ்வுணர்வு மட்டுமன்று, அதன் மறுபக்கமான வீறாப்பும் கூனலின் இன்னொரு வடிவமே என்றும் அவர் கண்டார். 'உலகில் முதல்', 'ஆசியாவில் முதல்' என்ற எமது முழக்கங்களை அந்த இரண்டாவது வகையில் வைக்கலாம். வெள்ளைக் குடியேறிகளின் நாடே இலண்டனின் தலையசைப்புக்காக இவ்வளவு காலம் ஏங்கியதென்றால், குடியேற்றத்தால் ஆளப்பட்டு, பின்னர் சொந்த நாட்டிலேயே ஒடுக்கப்பட்டு, அதன்பின் அகதியான நாம் ஏங்கியதில் வியப்பில்லை. ஆனால் வியப்பில்லை என்பது நியாயம் ஆகிவிடாது.

இதற்கு எதிராக வலிமையான வாதம் ஒன்று உண்டு. அதை எனது நண்பர் ஒருவர் பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். "இலண்டன் சேர்ட்டிபிக்கற் உங்களுக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். மியூசிக் அக்கடமியின்ர வாசலிலேயே நிப்பாட்டப்பட்டவைக்கு அது தேவை. மயிலாப்பூரைத் தாண்டிப் போறதுக்கு ஹமர்ஸ்மித் ஒரு பாதை" என்பது அவருடைய வாதம். இதனைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த ஒருவர், செவ்வியல் இசையின் காவலர்களாகத் தம்மை நியமித்துக்கொண்டவர்களின் அனுமதியைக் கேளாமல், பாக்கோடு நேரடியாகப் பேச்சுக் கொடுத்தார் என்பதில் ஒரு விடுதலைச் செயல் இருக்கிறது. தம்மைச் சாதி அடையாளத்தோடு பேசுவதை இளையராஜா விரும்பியதில்லை என்பது தெரிந்ததே. ஆனாலும் அவருடைய வெற்றியிற் கோடிக்கணக்கானோர் தமது வெற்றியைக் கண்டார்கள் என்பதை அவருடைய விருப்பம் மாற்றிவிடாது.

எமது யாழ்ப்பாணத்துக்கும் இதில் மறைப்பதற்கு ஏதுமில்லை. கோயில் வீதியில் விடிய விடியத் தவிற்சமா கேட்டுத் தலையாட்டிய சமூகம், அந்தத் தவிற்காரனுக்குத் தன் வீட்டு விறாந்தையில் எந்த இடத்தில் இருக்கை போட்டது என்பதை நாம் அறிவோம். இலண்டனில் அவருக்குக் கிடைத்த மரியாதையைக் கொண்டாடிய எம்மிற் பலர், ஊரில் அதே மரியாதையைத் தம்மிடம் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் அந்தக் காத்திருப்பை மதிப்பிட வேண்டும்.

எனினும் நண்பரின் வாதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மயிலாப்பூரைத் தாண்டுவதற்கான வேலையை 'ஹவ் ரு நேம் இட்' 1986 இலேயே செய்து முடித்துவிட்டது. அது சென்னையில், சென்னைக் கலைஞர்களால் வாசிக்கப்பட்டது. இளையராஜாவின் இசைத்தாளைக் கையில் வாங்கியவுடன் வாசிக்கக்கூடிய வயலின் கலைஞர்களின் கூட்டம் ஒன்று அங்கே திரைப்பட ஒலிப்பதிவுக்கூடங்களில் உருவாகியிருந்தது. பெயர் வெளியே தெரியாத, நாட்கூலிக்கு வாசித்த அந்தக் கூட்டமே தமிழுக்குக் கிடைத்த சிம்பொனி இசைக்குழு. அதனை எவரும் 'றோயல்' என்று அழைக்கவில்லை என்பதால் நாமும் அதைக் காணவில்லை. பாதை ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. நாம் அதில் நடக்காமல் இன்னொரு பாதைக்காகக் காத்து நின்றோம்.

5

காத்திருப்பின் இடைக்காலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பி. பி. சி. உலக சேவை தனது எழுபதாவது ஆண்டையொட்டி, 2002 இல், உலகின் விருப்பத்துக்குரிய பத்துப் பாடல்களை வாக்கெடுப்பின் மூலம் தெரிவுசெய்தது. 'தளபதி' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடல் நான்காவதாகவும், திருமலைச் சந்திரன் பாடிய ஈழத்துப் பாடலொன்று ஐந்தாவதாகவும் வந்தன. பட்டியலின் கடைசியில் இருந்தது குயீன் குழுவின் புகழ்பெற்ற பாடல். வாக்களிப்பு எவ்வளவு ஊக்கத்தோடு எம்மிடையே நடந்தது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இசை அங்கே ஒரு தேர்தற் சின்னமாயிற்று. இரண்டு தமிழ்ப் பாடல்கள் அருகருகே நின்றதில் மகிழ்ச்சியடைந்த எம்மில் எத்தனை பேர், அந்த ஈழத்துப் பாடலை இசையாகக் கேட்டு ஒரு பந்தி எழுதினோம்?

இரண்டாவது 2005. அவ்வருடம் 'திருவாசகம்' வெளிவந்தது. புடாபெஸ்ற் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. முன்னின்று நடத்தியவர் தமிழ் மையத்தின் ஜெகத் கஸ்பர். மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியின் ஊடாக எமது சனங்கள் அறிந்த குரல் அது. எனவே அந்த இறுவட்டு எமக்கு இன்னும் நெருக்கமாக வந்தது. பலர் அதனையே 'வந்துவிட்ட சிம்பொனி' என்று எடுத்துக்கொண்டார்கள். இசை வடிவம் என்ற வகையில் அது சிம்பொனி ஆகாது. குரலும் கோரஸும் சமயப் பனுவலும் சேர்ந்த அவ்வகையை மேற்கில் ஒறற்றோரியோ என்பார்கள். இந்த வேறுபாட்டைச் சொன்னவர்களைக் குறைகாண்பவர்கள் என்று ஒதுக்கினார்கள். வடிவத்தின் பெயரைச் சரியாகச் சொல்வது மதிப்பைக் குறைப்பது ஆகாது. அந்த ஆக்கத்தின் பலமும் பலவீனமும் மாணிக்கவாசகரின் யாப்போடு வாத்தியக்குழு எப்படி ஒத்துப்போகிறது என்பதில் இருக்கின்றன. 'சிம்பொனி' என்ற சொல்லைக் கொண்டாடியதில் அந்த விவாதம் தொடங்கவே இல்லை.

அதே 2005 இல் 'அருளர்' என்ற இசைத்தட்டு இலண்டனில் வெளிவந்தது. ஈரோஸ் இயக்கத்தின் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவரான அருட்பிரகாசத்தின் இயக்கப் பெயரையே அவருடைய மகள் மாயா தனது முதல் இசைத்தட்டுக்கு வைத்தார். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986 இல் இலண்டனுக்கு அகதியாக வந்த பெண் அவர். எம். ஐ. ஏ. என்ற பெயரில் அவர் செய்த இசை எமக்குப் பழக்கமானதாக இருக்கவில்லை. மலிவான மின்னிசைப் பெட்டி, உடைந்த தாளங்கள், தெரு ஆங்கிலம். ஆனால் அகதி வாழ்வின் ஒலி எதுவாக இருக்கும் என்ற கேள்விக்கு எம்மிடையே இருந்து வந்த மிகத் துணிச்சலான விடைகளில் அது ஒன்று. அவருடைய அரசியலையும் பிற்காலக் கூற்றுகளையும் ஒருவர் கடுமையாக மறுக்கலாம். நானும் சிலவற்றை மறுக்கிறேன். எனினும் உலகம் அந்தத் தட்டைக் கேட்டு விவாதித்துக் கொண்டிருந்தபோது, புலம்பெயர் சிற்றிதழ்ச் சூழல் பெரும்பாலும் மௌனமாக இருந்தது. நாம் பன்னிரண்டு வருடங்களாக இலண்டனிலிருந்து ஒரு இசை வருமென்று பார்த்திருந்தோம். வந்தது. நாம் எதிர்பார்த்த வாசலால் அது வரவில்லை.

6

காத்திருப்பே பிழையானது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல ரசிகர்கள் எங்கும் காத்திருப்பவர்களே. ஆங்கிலப் பாடகி கேற் புஷ் 1993 இல் ஒரு இசைத்தட்டை வெளியிட்டபின் 2005 வரை மௌனமாக இருந்தார். அறுபதுகளிற் பெண்களின் கனவு நாயகனாகப் பாடிய ஸ்கொற் வோக்கர், 1984, 1995, 2006 என்று பதினொரு வருடங்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் மேலும் கடினமான, மேலும் இருண்ட இசையோடு திரும்பி வந்தார். அவருடைய ரசிகர்கள் பழைய பாட்டைக் கேட்கக் காத்திருக்கவில்லை. இந்த மனிதர் இப்போது எங்கே போயிருக்கிறார், எம்மையும் அங்கே கூட்டிச்செல்வாரா என்று காத்திருந்தார்கள். வயதேறிய கலைஞன் ஒருவனிடம் புதியதை எதிர்பார்ப்பது அவனுக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய மரியாதை. எமது காத்திருப்பில் அந்த ஆவல் குறைவாக இருந்தது. அவர் என்ன எழுதியிருப்பார் என்பதைவிட, வெள்ளைக்காரர் என்ன சொல்வார் என்பதே பேச்சாக இருந்தது.

2025 மார்ச்சில் அந்த இரவு இலண்டனில் நடந்துகொண்டிருந்தபோது எமக்கு ஞாயிறு விடிகாலை. ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் எழுதி முடிக்கப்பட்ட, நான்கு பகுதிகளைக் கொண்ட சிம்பொனி. இசைத்தவர்கள் மீண்டும் றோயல் பில்ஹார்மோனிக் பெயர் தாங்கிய வாத்தியக்குழு. நெறியாண்டவர் மிக்கல் ரோம்ஸ். எழுதியவருக்கு வயது 81. எனது தொலைபேசிக்கு அரங்கின் வாசலில் நின்று எடுத்த படங்களும் கைதட்டலின் ஒலித்துண்டுகளும் வந்து குவிந்தன. இரண்டாம் பகுதியின் மெட்டு எப்படி இருந்தது என்று அங்கிருந்த உறவினரிடம் கேட்டேன். "எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினவை" என்று பதில் வந்தது. அவருடைய மகிழ்ச்சி உண்மையானது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலல்ல. 32 வருடங்களாக அந்தக் கேள்விக்கான மொழியையே நாம் உருவாக்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

ஒரு சில விதிவிலக்குகள் உண்டு. 1998 இல் பிரேம்-ரமேஷ் இளையராஜாவின் இசையின் தத்துவத்தையும் அழகியலையும் பற்றித் தனி நூலே எழுதினார்கள். அதனோடு உடன்படலாம், முரண்படலாம். இசையை இசையாக எடுத்துப் பேசலாம் என்று அது காட்டியது. அதன் தொடர்ச்சியாக ஒரு மரபு வளர்ந்திருக்கவேண்டும். வளரவில்லை. 2022 இல் மோடியையும் அம்பேத்கரையும் ஒப்பிட்ட நூலொன்றுக்கு அவர் முன்னுரை எழுதியதும், அதே வருடம் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும் எம்மிடையே நீண்ட சர்ச்சையைக் கிளப்பின. அந்தச் சர்ச்சை தேவையானதே. ஆயினும் அவருடைய முன்னுரையைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களை அவருடைய இசையைப் பற்றி எழுதிய பக்கங்களோடு எடைபோட்டுப் பார்த்தால், எமது விமர்சன மரபின் கூனல் எந்தப் பக்கம் என்பது தெரியும்.

இப்போது இரண்டாவது சிம்பொனி எழுதப்போவதாக 2025 இல் அவரே அறிவித்திருக்கிறார். மீண்டும் காத்திருப்புத் தொடங்கிவிட்டது. இம்முறை அதைச் சற்று வேறுவிதமாகச் செய்யலாமா என்பதே வாசகர்கள் முன் நான் வைக்கும் கேள்வி. 'ஹவ் ரு நேம் இட்' வெளிவந்து நாற்பது வருடங்களாகின்றன. அதன் ஒவ்வொரு பகுதியையும், எந்த இராகத்தின் மேல் எந்தக் குரல் எப்படி நடக்கிறது என்று எளிய தமிழில் விளக்கும் ஒரு தொடர் எழுதப்பட வேண்டும். மேற்கத்திய இசை முறையாகப் பயின்ற பிள்ளைகள் சிட்னியிலும் மெல்பேணிலும் எமது வீடுகளிலேயே இருக்கிறார்கள். கர்நாடக இசை அரங்கேற்றம் கண்டவர்களும் இருக்கிறார்கள். பல வீடுகளில் இருவரும் ஒருவரே. அவர்களோடு உட்கார்ந்து கேட்கலாம். றெக்கோடிங் பார் நடத்தியவர்களையும் சைக்கிள் சில்லுச் சுற்றியவர்களையும் அவர்கள் இருக்கும்போதே பேசவைத்துப் பதிவுசெய்யலாம். 1993 இன் இசைத்தாள் என்றாவது ஒருநாள் வெளிவருமானால், அதைப் படித்து நல்லது, நல்லதல்ல, இது புதிது, இது பழையது என்று எவரையும் பாராமற் சொல்லக்கூடிய காதுகள் அப்போது எம்மிடம் இருக்கவேண்டும்.

அந்தக் காதுகளை எவரும் எமக்கு அனுப்பிவைக்கப் போவதில்லை. இதற்கு மாற்றுக் கருத்துள்ளவர்கள், குறிப்பாக மயிலாப்பூர்-ஹமர்ஸ்மித் வாதத்தை முன்வைக்கும் நண்பர்கள், விரிவாக எழுதவேண்டும்.